போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே

சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் நியூயார்க் எந்தத் திசையில் இருக்கிறது? சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் மேற்கே என்பார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள் கிழக்கே என்பார்கள். உலக உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே தவறு. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. பூமியின் அரைச்சுற்றுக்கு இரண்டு பாகைதான் குறைவு. ஒரு நூலின் நுனியைச் சாங்கி விமான நிலையத்தில் அழுத்திக்கொண்டு மறுநுனியை நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு இழுத்துப் பிடித்தால், நூல் நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை உரசி, அந்தப் பக்கம் நேர் தெற்கே இறங்கும்.

இப்படி அமைந்துவிட்டதால் தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று வைத்தால் 8,280 கடல் மைல், அதாவது 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அட்டவணைகளில் 15,349 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் வரும் சில்லறை வித்தியாசம் அது. எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் இன்றைக்கு உலகிலேயே நீளமானது இதுதான்.

ஓர் ஏப்ரல் மாதத் திங்கட்கிழமை நண்பகலில் நான் அந்த விமானத்தில் ஏறினேன். துருவத்துப் பனியைப் பார்க்கலாம் என்று ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். விமானமோ துருவத்தின் பக்கமே போகவில்லை. மொத்தப் பாதை 16,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போய், அதனாலேயே சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து இருக்கையில் சிராங்கூன் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. எழுபதைத் தொட்டிருப்பார். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார். கைப்பையில் பிரசவ மருந்துப் பொடிகள் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதிய சீட்டு.

“எத்தனை மணி நேரம் தம்பி, பதினெட்டா?”

“ஆமாம்மா. டிக்கெட்டில் கொஞ்சம் கூடவே போட்டிருக்கான்.”

“எங்க அப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறி இங்க வந்து இறங்க ஒரு வாரம் ஆச்சு. பினாங்குல நின்னு நின்னு வந்ததாம். டெக்குலயே படுத்து, டெக்குலயே சமைச்சு. இப்ப பதினெட்டு மணி நேரம் உக்காரணுமேன்னு எனக்குக் கால் வலிக்குது, பாருங்க.”

ரஜூலா என்ற பெயர் தெரியாத பழைய சிங்கப்பூர்த் தமிழர் இருக்க மாட்டார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஆட்களைச் சுமந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய வழியில் 2,900 கிலோமீட்டர்தான். அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான தூரத்தை அந்த அம்மா இப்போது இரண்டு சாப்பாட்டுக்கும் ஒரு தூக்கத்துக்கும் இடையில் கடக்கப் போகிறார்.

இந்த விமானத்தில் எகானமி வகுப்பு கிடையாது. பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94, மொத்தம் 161 இருக்கைகள். இதே ஏ350 ரகத்தைச் சாதாரணமாக ஓட்டினால் முந்நூறு பேரைத் தாராளமாக ஏற்றலாம். இங்கே பாதிப் பேரை மட்டும் ஏற்றுவதற்குச் சொகுசு ஒரு காரணம், எடை இன்னொரு காரணம்.

நெடுந்தூரப் பறப்புக்கென்றே ஏர்பஸ் செய்த ஏ350-900 யுஎல்ஆர் இது. தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் 130 டன்னுக்கு மேல். தரையிலிருந்து எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். ஆக, தொட்டியை முட்ட நிரப்பினால் எழும்பும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். தலைக்கு ஆயிரம் லிட்டர். முதல் சில மணி நேரம் எரிகிற எரிபொருளில் ஒரு பெரிய பங்கு, பின்னால் எரியப் போகிற எரிபொருளைத் தூக்கிச் சுமப்பதற்கே செலவாகிறது. கட்டுச்சோற்று மூட்டையே பாரமாகிப் போன நடைப்பயணம் மாதிரி. இதற்காகவே முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்தாமல் அடைத்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கு ஒருமுறை தோற்றும் போயிருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அப்போது பறந்தது நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500. எண்ணெய் விலை ஏறியபோது நான்கு எஞ்சினுக்கும் தீனி போட முடியவில்லை. 2008இல் நூறு பிசினஸ் வகுப்பு இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் சேவையை நிறுத்தினார்கள். இரண்டே எஞ்சினில் அதே தூரத்தைக் கடக்கும் விமானம் கைக்கு வந்த பிறகு, 2018 அக்டோபரில் நியூவார்க்குக்கு மீண்டும் பறந்தார்கள். கென்னடி விமான நிலையச் சேவை 2020 நவம்பரில் வந்தது.

ஓடுபாதையில் விமானம் எழும்பும்போதே பாரம் தெரிந்தது. ஓடிக்கொண்டே இருந்தது, எழும்பவே மனமில்லாததுபோல். எழும்பிய பிறகும் உச்சிக்குப் போகவில்லை. இருக்கைத் திரையிலிருந்த வரைபடத்தில் உயரம் 31,000 அடியில் நின்றுவிட்டது. எரிபொருள் குறையக் குறைய விமானம் இலகுவாகி, படிப்படியாக மேலேறும். பல மணி நேரம் கழித்து 39,000 அடி காட்டியது. அந்த எண்களைப் பார்த்தே தொட்டி எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ், பிறகு பசிபிக். சாங்கியை விட்டு ஐந்து மணி நேரம் ஆனபோது, ஜப்பானுக்குத் தெற்கே எங்கோ, சூரியன் இடப்பக்க இறக்கைக்குப் பின்னால் இறங்கியது. இருட்டியதும் திரையில் ஒரு மாற்றம். அதுவரை மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டியிருந்த தரைவேகம் 980 ஆனது, 1,040 ஆனது, 1,090ஐத் தொட்டது. எஞ்சின் சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. காற்றுக்குள் விமானம் போகும் வேகம் முன்பு போலத்தான். காற்றே சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஆறுபோல வளைந்து வளைந்து ஓடும் இந்தக் காற்றை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிக உக்கிரமாக இருக்கும். அதை முதலில் அளந்தவரும் ஜப்பான்காரர்தான். வசபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் 1920களில் ததேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கிக் கருவியால் அவற்றைப் பின்தொடர்ந்து, உயரே அசுர வேகத்தில் காற்று ஓடுகிறது என்று கண்டார். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்ட அதை அநேகமாக யாரும் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோ மீது குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானிகள் எதிர்காற்றில் சிக்கித் தடுமாறியபோதுதான் அந்தக் காற்று மேற்குலகின் கவனத்துக்கு வந்தது. அதே காற்றில் ஜப்பான் தீக்குண்டு பலூன்களை ஏற்றி அனுப்பியது, அவற்றில் சில அமெரிக்காவின் ஓரிகன் வரை போய் விழுந்தன.

துருவ வழியில் இந்த உதவி கிடையாது. வடக்கே போகப்போக வெளிக்குளிர் கூடி எரிபொருளே உறையும் அபாயம் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. சாலை போடாத வெளியென்றாலும் அவசரத்துக்கு இறங்க ஒரு விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, அன்றைய காற்று எங்கே ஓடுகிறது என்ற முன்கணிப்பை வைத்து, புறப்படும் முன்பே அந்த நாளுக்கென்று ஒரு பாதையை வரைந்து தருகிறார்கள். நேற்றைய பாதை இன்றைக்கு உதவாது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றுக்கு இடையிலான பாதை தினமும் நீள்கிறது, சுருங்குகிறது.

அந்த அம்மா தூங்கவில்லை. வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “நாம போறது கிழக்காலதானே? பின்ன எப்படித் தம்பி இன்னும் திங்கட்கிழமையே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிழக்கே போகப்போக நேரம் முன்னோக்கி ஓடும், நள்ளிரவு தாண்டியதும் செவ்வாய்க்கிழமை பிறக்கும். பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டிய மறுகணம் ஒரு நாள் பின்னால் போய் மீண்டும் திங்கள். பிறந்த செவ்வாய் தவழ்வதற்கு முன்பே பறிபோய்விடும். “அப்ப திங்கட்கிழமை விரதம் ரெண்டு தடவையா?” என்று சிரித்தார்.

இரவு மிகக் குட்டையாக இருந்தது. ஆறு மணி நேரம் சொச்சம்தான். சூரியனை எதிர்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இரவு இப்படித்தான் சுருங்கும். அலாஸ்காவுக்குத் தெற்கே கடலின் மேல் விடிந்தது. முதலில் ஒரு நீலக் கோடு, பிறகு ஆரஞ்சு, பிறகு இறக்கை நுனியில் பளீரென்று வெயில். ஜன்னல் மறைப்புகளை இறக்கி வைத்திருந்ததால் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை.

ஒரே பயணத்தில் இரண்டு விடியலைப் பார்த்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த விமானச் சேவை ஒன்று முன்பு இருந்தது. அதற்குக் காரணம் சிங்கப்பூர்தான், மறுமுனையில் நின்றது இலங்கை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. 1943 ஜூன் முதல் 1945 ஜூலை வரை, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கு கேட்டலினா நீர்விமானங்களை ஓட்டியது. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து, எதிரி விமானத்துக்குப் பயந்து வானொலியை மூடிவைத்து, நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்து, இந்தியப் பெருங்கடலைத் தாண்ட 27 முதல் 33 மணி நேரம் ஆனது. எரிபொருள் எடை போக, ஒரு நடைக்கு மூன்று பயணிகளுக்குத்தான் இடம். இரண்டு விடியலையும் பார்த்து இறங்கியவருக்கு “இரட்டை விடியலின் ரகசியச் சங்கம்” என்று ஒரு பத்திரம் கொடுத்தார்கள். காற்றில் கழிந்த நேரத்தில் அந்தச் சாதனையைப் பயணிகள் விமானச் சேவை எதுவும் இன்னும் முறியடிக்கவில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கு, 17,000 கிலோமீட்டரை 22 மணி நேரம் வரை நிற்காமல் பறக்க குவாண்டாஸ் இப்போது தயாராகும் திட்டத்தின் பெயரிலும் அந்த விடியல் இருக்கிறது. அங்கும் அதே கணக்குதான். ஏ350-1000 ரகத்தில் 238 இருக்கைகள் மட்டும்.

கனடாவின் மலைகளுக்கு மேல் பிற்பகல் ஆனது. நியூயார்க் ஓடுபாதையைத் தொட்டபோது மணி மாலை ஆறு இருக்கும், அதே திங்கட்கிழமை. என் கைக்கடிகாரமும் ஆறுதான் காட்டியது. ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் கோடைக்கால நேரத்துக்கு மாறியிருக்கும், சிங்கப்பூருக்கும் அதற்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள்ளைத் திருப்பவே வேண்டாம். உடம்புக்குத்தான் அது புரியவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் உடலின் கடிகாரம் நகரும் என்பார்கள். பகலும் இரவும் தலைகீழாகப் புரண்ட ஊரில் அதிகாலை மூன்று மணிக்கு மதியச் சாப்பாட்டுப் பசி எடுத்தது.

தரை தொட்ட பிறகும் பயணம் முடியவில்லை. வாயிலில் இடமில்லாமல் விமானம் ஓடுபாதை ஓரமாக ஊர்ந்து நின்றது. பைலட் சொன்ன நேரம் ஒன்று, டிக்கெட்டில் இருந்த நேரம் வேறு என்பதன் காரணம் இதுதான். டிக்கெட்டில் இருப்பது வாயிலிலிருந்து பின்வாங்கியது முதல் மறு வாயிலில் நிற்பது வரை. அதில் ஊர்வதற்கும் வரிசையில் காத்திருப்பதற்கும் கொஞ்சம் சேர்த்தே எழுதுவார்கள். “சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டோமே” என்ற மகிழ்ச்சியும் அந்த அட்டவணையில் அடக்கம்.

நியூயார்க்கில் இருந்த நாட்களைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது திரும்பிய வழியைத்தான். வெள்ளி இரவு புறப்பட்ட விமானம், வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். அது கிழக்கே அட்லாண்டிக்கை நோக்கித் திரும்பியது. ஐரோப்பா, மேற்கு ஆசியாவின் ஓரம், பிறகு இந்தியாவைக் குறுக்காகக் கடந்து வங்காள விரிகுடா வழியாகச் சாங்கி. யோசித்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரண்டு நகரங்களும் பூமியின் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், துருவத்தை விட்டு இந்தப் பக்கம் விலகினாலும் அந்தப் பக்கம் விலகினாலும் கூடுதல் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். காற்றோ எப்போதும் கிழக்கு நோக்கி. எனவே போகும்போதும் கிழக்கே போய், வரும்போதும் கிழக்கே வந்தால் இரண்டு தடவையும் பின்காற்று. ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்து ஞாயிறு விடியலில் இறங்கியபோது நான் உலகத்தைச் சுற்றி வந்திருந்தேன். வீட்டிலிருந்தவர்களைவிட ஒரு விடியலை அதிகமாகவும் பார்த்திருந்தேன்.

பாதையை வரைவது காற்று மட்டுமில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடிக்கொண்டது. ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமானது. அதை ஓட்டிய விமான நிறுவனத்தார் துருவத்துக்கு மேலேயே பறந்து, பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லிக்கும் வட அமெரிக்காவுக்கும் நேராகப் பறந்த ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் நியூயார்க் டெல்லியை விட்டு விலகிப் போனது.

இதையெல்லாம் வைத்துச் சென்னையைப் பார்க்கிறேன். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்க்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட 1,800 கிலோமீட்டருக்கு மேல் அருகில். சிங்கப்பூர்க்காரர் பதினெட்டு மணி நேரத்தில் போய் இறங்குகிறார். சென்னைக்காரர் துபாயிலோ தோஹாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி, செருப்பையும் பெல்ட்டையும் கழற்றி மாட்டி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் போகிறார். பல நாட்களில் ஒரு முழு நாளே ஆகிவிடுகிறது. அருகில் இருப்பவர் தாமதமாகச் சேர்கிறார்.

அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் இல்லாமல் இல்லை. பெங்களூருவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது. அது 14,000 கிலோமீட்டர், சென்னை – நியூயார்க்கைவிட நீளம். முதல் விமானத்தைப் பெண் விமானிகளே வட துருவம் வழியாக ஓட்டி வந்தார்கள். அங்கே கணினி நிறுவனங்களின் செலவில் பறக்கும் கூட்டம் முன்வரிசைகளை நிரப்பும் என்ற நம்பிக்கை இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வங்கிக்காரர்களும் கம்பெனி அதிகாரிகளும் 67 பிசினஸ் வகுப்பு இருக்கைகளை நாள் தவறாமல் நிரப்புகிறார்கள். சென்னையிலிருந்து அமெரிக்கா போகும் கூட்டத்தில் பலர், பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள். டிக்கெட் எப்போது மலிவாகும் என்று பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கி அனுப்புகிறார்கள். தலைக்கு ஆயிரம் லிட்டர் எரிபொருளை அந்த டிக்கெட் தாங்காது.

ஆகவே இரண்டு ஊர்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நூல் பிடித்து ஒரு பதில் சொல்லலாம், அது என்றைக்கும் மாறாது. அதை நம்பி மட்டும் யாரும் புறப்பட முடியாது. காற்று எந்தப் பக்கம், எந்த நாட்டின் வானம் திறந்திருக்கிறது, முன்வரிசைக்குப் பணம் கட்ட அந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்று இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலாவதை வானிலையும் இரண்டாவதை அரசுகளும் தீர்மானிக்கின்றன. மூன்றாவதில் சென்னை இன்னும் தேறவில்லை. அது தேறும் வரை, வரைபடத்தில் எவ்வளவு அருகில் இருந்தாலும், நம் அப்பா அம்மாக்கள் நடுவில் எங்காவது இறங்கி ஏறித்தான் போக வேண்டும்.